மலைக்காட்டின் வரவு செலவு

மளிகைக் கடைக்குக் கணக்கு உண்டு. பால்காரருக்குக் கணக்கு உண்டு. சிக்கனமான குடும்பத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் கூட மாதக் கணக்கு உண்டு.

மலைக்காட்டுக்குக் கணக்கு உண்டா?

உண்டு! அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டுக்கு 60 ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வருகிறார்கள். மழை எவ்வளவு பெய்தது? ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது? மழையோடு மண்ணுக்கு வந்தது என்ன? தண்ணீரோடு மண்ணை விட்டுப் போனது என்ன? எத்தனை மரம் முளைத்தது, எத்தனை மரம் பட்டுப் போயிற்று, எத்தனை பறவை வந்தது? எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

பார்ப்பதற்கு அவை வெறும் எண்கள்தான். ஆனால், ஒரு பெரிய நாட்டின் சட்டம் மாறுவதற்கு அந்த எண்களும் ஒரு காரணமாக இருந்தன. நல்ல மழை என்று எல்லோரும் எண்ணிய மழை, மண்ணின் சத்தைத் திருடிக் கொண்டிருக்கிறது என்று அந்த எண்களே காட்டிக் கொடுத்தன.

ஓர் ஆண்டுக் கணக்கு இதைக் காட்டவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கும் காட்டவில்லை. பல ஆண்டுகள் விடாமல் எழுதிய கணக்குத்தான் காட்டியது. காடும் தண்ணீரும் வேண்டும் என்று எண்ணுகிற ஒவ்வொரு நாடும் அறிந்து கொள்ள வேண்டிய செய்தி இது.

ஓடைக்கு ஒரு கலிங்கு

அந்தக் காட்டின் பெயர் ஹப்பர்ட் புரூக். புரூக் என்றால் ஓடை. அமெரிக்காவின் வடகிழக்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடரில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 7,800 ஏக்கர். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். கோடையில் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

1955-ல் அமெரிக்க வன இலாகா இந்தக் காட்டை ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கியது. காட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை அறிவதுதான் அப்போதைய நோக்கம்.

பிறகு டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த தாவரநூல் அறிஞர் ஹெர்பர்ட் போர்மன் ஒரு யோசனை சொன்னார். தண்ணீரை அளக்கிறோம், சரி. அதில் கரைந்திருக்கும் பொருள்களையும் அளந்தால் என்ன என்று கேட்டார். இளம் விஞ்ஞானி ஜீன் லைக்கன்ஸ், ஜான்சன் என்ற நிலநூல் அறிஞர், வன இலாகாவின் ராபர்ட் பியர்ஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்தார்கள். 1963-ல் கணக்கு தொடங்கியது.

காட்டை எப்படி அளப்பது? வழி மிக எளிது.

மலைச்சரிவில் உள்ள சிறு பள்ளத்தாக்கு ஒரு பெரிய சட்டியைப் போன்றது. மழை அதில் விழுகிறது. கொஞ்சம் ஆவியாகப் போகிறது. கொஞ்சத்தை மரங்கள் குடிக்கின்றன. மிச்சம் எல்லாம் ஓடையாக இறங்கி ஒரே வாய் வழியாக வெளியே வருகிறது. ஹப்பர்ட் புரூக்கில் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை இருக்கிறது. சட்டிக்கு ஓட்டை இல்லை. ஆகவே அடி வழியாகத் தண்ணீர் கசிந்து ஓடிவிடாது.

ஓடை வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு சுவர் கட்டினார்கள். ஏரியில் உபரி நீர் வழிவதற்குக் கலிங்கு இருக்கிறதல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். சுவரின் நடுவில், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு வெட்டு. அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை அங்குல உயரம் நிற்கிறது என்று பார்த்தால், எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கிட்டு விடலாம்.

மேலே மழைமானி. கீழே கலிங்கு. மேலே வருவது வரவு. கீழே போவது செலவு. வாரந்தோறும் மழைநீரையும் ஓடைநீரையும் சீசாவில் பிடித்து, அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று சோதித்தார்கள். பனிக்காலத்திலும் இந்த வேலை நின்றுவிடவில்லை. கால் புதையும் பனியில் நடந்து போய் சீசாக்களை எடுத்து வந்தார்கள்.

காட்டை வெட்டினால் என்ன ஆகும்?

காட்டை வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. வெட்டினால் என்ன ஆகும் என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு. ஹப்பர்ட் புரூக்கில் அளந்து பார்த்தார்கள்.

1965-ம் ஆண்டின் கடைசியில், ஒரு பள்ளத்தாக்கில் இருந்த மரங்கள் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். பரப்பு ஏறத்தாழ 39 ஏக்கர். ஒரு கட்டையைக் கூட வெளியே எடுத்துப் போகவில்லை. அப்படியே போட்டு வைத்தார்கள். மறுபடி எதுவும் முளைக்காதபடி மூன்று கோடைகளில் மருந்து தெளித்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கைவைக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம்.

முதல் ஆண்டிலேயே ஓடையில் தண்ணீர் சுமார் 40 சதவீதம் அதிகமாக ஓடியது. குடிப்பதற்கு மரம் இல்லை. ஆகவே தண்ணீர் வீணாக ஓடிவிட்டது.

அதை விடப் பெரிய செய்தி தண்ணீருக்குள் இருந்தது. மண்ணில் உள்ள நைட்ரேட் என்ற உரச்சத்து கரைந்து வெளியேறியது. மனிதர் குடிக்கத் தக்க அளவையும் அது தாண்டியது! சுண்ணாம்புச் சத்தும் மற்றச் சத்துகளும் கூடவே போயின. கோடையில் ஓடையில் பாசி மண்டியது.

மரம் நின்றவரை அந்தச் சத்தை எல்லாம் வேரும் இலையும் சுழற்சியாக வைத்துக் காத்து வந்தன. உதிர்ந்த இலை மக்கி மண்ணுக்குத் திரும்பும். மண்ணில் உள்ளதை வேர் மீண்டும் எடுக்கும். மரம் போனதும் அந்தச் சுழற்சி அறுந்தது. நூறாண்டு சேமித்த பணத்தை நாலு நாளில் செலவழிக்கும் பிள்ளையைப் போல, மண் தன் சத்தை இழந்தது.

மருந்து தெளிப்பதை நிறுத்தியதும் செடிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் சத்து வெளியேறுவதும் குறைந்தது. காடு தன் காயத்தைத் தானே கட்டிக் கொள்ளும் என்பதும் அந்தக் கணக்கில் பதிவாயிற்று. ஆனால் அதற்கு முளைக்க இடம் கொடுக்க வேண்டும்.

மழையில் திராவகம்!

கணக்கு தொடங்கிய போதே விஞ்ஞானிகளுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது.

மழைநீரைச் சோதித்தார்கள். அதில் புளிப்பு இருந்தது. புளிப்பு என்றால் நாக்குக்குத் தெரியும் புளிப்பு அல்ல. கருவிக்குத் தெரியும் திராவகத் தன்மை. முதலில் பிடித்த மழைநீர், தூய மழையில் இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு திராவகத் தன்மை கொண்டதாக இருந்தது.

அந்த மலையில் ஆலை இல்லை. அருகில் பெரிய பட்டணம் இல்லை. பிறகு திராவகம் எங்கிருந்து வந்தது?

காற்றில் வந்தது. மேற்கே பல நூறு மைல் தொலைவில் நிலக்கரி எரிக்கும் மின்சார நிலையங்கள் இருந்தன. நிலக்கரியில் கந்தகம் உண்டு. எரியும் போது கந்தகப் புகை எழும். உயரமான புகைபோக்கிகள் அதை மேலே தள்ளும். காற்று அதைச் சுமந்து செல்லும். வழியில் அது மேகத்து ஈரத்தோடு கலந்து கந்தகத் திராவகமாக மாறும். ஒரு மாநிலத்தில் எரித்த கரி, இன்னொரு மாநிலத்தில் மழையாக இறங்கியது!

இதற்கு அமில மழை என்று பெயர். ஐரோப்பாவில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகளும் இதே ஆபத்தை 1960-களில் எடுத்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் லைக்கன்ஸும் போர்மனும் 1972-லும் 1974-லும் கட்டுரைகள் எழுதி நாட்டை எச்சரித்தார்கள்.

பதினெட்டு ஆண்டுப் பொறுமை

எச்சரித்ததும் எல்லோரும் ஒப்புக் கொண்டு விட்டார்களா? இல்லை.

மழை ஒரே மாதிரி பெய்வது இல்லை. ஓர் ஆண்டு புளிப்பு கூடும். அடுத்த ஆண்டு குறையும். மூன்று ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக் கொண்டு, “ஆபத்து ஏறுகிறது” என்று ஒருவர் சொல்லலாம். வேறு மூன்று ஆண்டை எடுத்துக் கொண்டு, “ஆபத்து இறங்குகிறது” என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேரும் எண்களைக் காட்டுவார்கள். இரண்டு பேரும் தவறாகச் சொல்வார்கள்!

1970-ல் அமெரிக்கா காற்றைத் தூய்மைப்படுத்த ஒரு சட்டம் செய்தது. கந்தகப் புகை மெல்லக் குறையத் தொடங்கியது. அதன் பலன் மழையில் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எத்தனை ஆண்டுக் கணக்கு வேண்டும்? லைக்கன்ஸ் கணக்கிட்டுப் பார்த்தார். 18 ஆண்டுகள் விடாமல் அளந்த பிறகுதான், மழையின் புளிப்பு உண்மையிலேயே குறைகிறது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது.

18 ஆண்டுகள்! கணக்கு தொடங்கிய நாளில் பிறந்த குழந்தை, அதற்குள் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போயிருக்கும். பத்தாவது ஆண்டில் “போதும்” என்று கணக்கை மூடியிருந்தால், செலவழித்த உழைப்பு முழுவதும் பாதிக் கிணறு தாண்டிய கதையாகி இருக்கும்.

1980-களில் அமெரிக்காவில் பெரிய விவாதம் நடந்தது. புகையைக் குறைக்கப் பணம் செலவாகும் என்று ஒரு சாரார் தடுத்தார்கள். “இன்னும் ஆராய வேண்டும்” என்று சொல்லியே காலம் கழிந்தது. கடைசியில் 1990-ல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆண்டுதோறும் வெளிவரும் கந்தகப் புகையை, 1980-ல் இருந்ததை விட 1 கோடி டன் குறைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. புகை குறைந்தது. மழையின் புளிப்பும் பெருமளவு குறைந்தது. அதையும் ஹப்பர்ட் புரூக் கணக்குப் புத்தகம் பதிந்து வைத்தது.

மண் பட்ட கடன்

மழை நல்லதாகி விட்டது. இனிக் காடு தேறிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். காடு தேறவில்லை!

ஏன்? பழைய கணக்கைப் புரட்டினார்கள். பல ஆண்டுகளாகத் திராவக மழை, மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து ஓடையில் தள்ளிவிட்டது. 1996-ல் இதை விவரமாக வெளியிட்டார்கள். பாறை உடைந்து புதிய சுண்ணாம்புச் சத்து உண்டாக நெடுங்காலம் ஆகும். அதுவரை மண் ஏழையாகவே இருக்கும். நோய் போன பிறகும் உடம்பில் பலம் இல்லாதவனைப் போல, காடு மெலிந்து நின்றது.

இது உண்மைதானா என்று சோதிக்க, 1999-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு காரியம் செய்தார்கள். சுண்ணாம்புச் சத்து உள்ள ஒரு வகைக் கல்லைப் பொடித்துக் குருணையாக்கி, சுமார் 29 ஏக்கர் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரில் இருந்து தூவினார்கள். பிறகு பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அந்த மலையில் சர்க்கரை மேப்பிள் என்ற மரம் உண்டு. அதன் சாற்றைக் காய்ச்சி இனிப்புப் பாகு எடுப்பார்கள். நம் ஊர்ப் பதநீர் போல அது அவர்களுக்கு அருமையான பொருள். குருணை தூவிய பள்ளத்தாக்கில் அந்த மரம் தேறியது. கன்றுகள் செழித்தன. தூவாத பள்ளத்தாக்கில் அந்தத் தேர்ச்சி இல்லை. நோய் இன்னது என்று உறுதியாயிற்று.

ஆனால் எல்லாக் காட்டுக்கும் ஹெலிகாப்டரில் சுண்ணாம்பு தூவ முடியுமா? முடியாது. முப்பது நாற்பது ஆண்டு அலட்சியம் செய்த கெடுதியை ஒரு சட்டத்தால் ஒரே நாளில் துடைத்துவிட முடியாது என்பதே அந்தப் பள்ளத்தாக்கு சொன்ன பாடம்.

பறவைகள் எங்கே?

அந்தக் காட்டில் 1969 முதல் பறவைகளையும் எண்ணி வருகிறார்கள். 25 ஏக்கர் அளவுள்ள ஓர் இடத்தில், 1970-களின் தொடக்கத்தில் 200-க்கு மேற்பட்ட பறவைகள் இருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை 100-க்கும் கீழே இறங்கியது. ஒரு காலத்தில் ஏராளமாக இருந்த சிறிய ஈப்பிடிப்பான் என்ற குருவி அந்த இடத்தை விட்டே மறைந்து போயிற்று.

இதைக் கேட்டதும், “யாரோ காட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று சொல்லத் தோன்றும். கணக்கு வேறு பதில் சொன்னது. 1900-களின் தொடக்கத்தில் வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடு அது. இளங்காடாக இருந்தபோது அந்தக் குருவிக்குப் பிடித்தது. காடு முதிர முதிர, அது வேறு இடம் தேடிப் போயிற்று.

எல்லா மாறுதலும் கெடுதி அல்ல. எல்லா மாறுதலும் இயற்கையும் அல்ல. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல, நீண்ட கணக்கு ஒன்றுதான் உதவும். அது இல்லாவிட்டால் பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கமாகப் போய்விடும்.

முதுமலையில் ஒரு கணக்கு

இத்தகைய கணக்கு அமெரிக்காவில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டிலும் இருக்கிறது!

நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில் முதுமலைக் காடு இருக்கிறது. 1988-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விஞ்ஞானிகள், யானை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ராமன் சுகுமார் தலைமையில், அங்கே 50 ஹெக்டேர் இடத்தை அளந்து எடுத்தார்கள். அது ஏறத்தாழ 125 ஏக்கர். ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும், ஒவ்வொரு கன்றுக்கும் எண் கொடுத்தார்கள். முதல் எண்ணிக்கையில் 25,000-க்கு மேற்பட்ட மரங்கள் இருந்தன. எது செத்தது, எது புதிதாக வந்தது, எது பருத்தது என்று மறுபடி மறுபடி எண்ணிப் பதிந்தார்கள்.

அதனால் என்ன தெரிந்தது? யானைகள் விரும்பி ஒடித்துத் தின்னும் ஒரு வகை மரம் தொடக்கத்தில் ஏராளமாக இருந்தது. சில ஆண்டுகளில் அது மிகவும் குறைந்துவிட்டது. காட்டுத் தீ வந்த ஆண்டில் சிறு கன்றுகள் எத்தனை மடிந்தன என்று தெரிந்தது. அயல்நாட்டில் இருந்து வந்த உண்ணிச்செடி எப்படிப் பரவுகிறது என்றும் தெரிந்தது.

முதுமலையை ஒட்டி ஓடும் மோயாறு, பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. அந்த மலைக்காட்டில் நடப்பது, கீழே வயலில் நாற்று நடும் உழவருக்கும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய்க்கும் சம்பந்தம் இல்லாத செய்தி அல்ல.

“இதனால் என்ன லாபம்?”

நீண்ட கணக்குக்கு ஒரே ஒரு பெரிய எதிரி உண்டு. “இதனால் என்ன லாபம்?” என்ற கேள்விதான் அந்த எதிரி.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் மூன்று ஆண்டில் பலன் கேட்பார்கள். அணை கட்டினால் திறப்பு விழா நடத்தலாம். சாலை போட்டால் கல்வெட்டு வைக்கலாம். மழைநீரைச் சீசாவில் பிடித்து எண் எழுதுவதற்கு என்ன விழா நடத்துவது? பணத்தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டு விழுவது இத்தகைய வேலையின் மீதுதான். ஓய்வு பெற்றவரின் இடத்தில் புதியவரை நியமிக்க மாட்டார்கள். கருவி பழுதானால் மாற்ற மாட்டார்கள். கணக்கில் இரண்டு ஆண்டு விட்டுப் போகும்.

பாலத்தை அடுத்த ஆண்டு கட்டலாம். பள்ளிக்கூடத்தை அதற்கு அடுத்த ஆண்டு திறக்கலாம். ஆனால், போன ஆண்டு பெய்த மழையை இந்த ஆண்டு அளக்க முடியாது! எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது திரும்ப வராது.

இந்தக் குறையை உணர்ந்துதான், நீண்டகால ஆராய்ச்சிக்கு என்றே அமெரிக்க அரசாங்கத்தின் விஞ்ஞான நிதி நிறுவனம் 1980-ல் தனித் திட்டம் தொடங்கியது. முதலில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஹப்பர்ட் புரூக்கும் அதில் சேர்ந்தது. அங்கே பழைய மழைநீரையும் மண்ணையும் இலையையும் கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு புதிய சந்தேகம் எழுந்தால், நேற்றைய தண்ணீரிடமே கேட்டுக் கொள்ளலாம்!

செய்ய வேண்டியது

பருவம் மாறுகிறது என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். வெயில் கூடிவிட்டது என்கிறார்கள். மழை தவறிப் பெய்கிறது என்கிறார்கள். பேச்சு நிறைய இருக்கிறது. ஒவ்வொரு மலைக்கும் விடாமல் எழுதிய கணக்கு இருக்கிறதா?

காவிரிக்கும் வைகைக்கும் தாமிரபரணிக்கும் தண்ணீர் தரும் மலைக்காடுகளில், மழையையும் ஓடையையும் மரத்தையும் அளக்கும் நிலையங்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும் கணக்கு நிற்கக் கூடாது. அங்கே மலையேறி உழைக்கும் பணியாளருக்கு நிலையான சம்பளம் வேண்டும். காட்டை நன்றாக அறிந்த மலைவாசிகளுக்கு அந்த வேலையில் முதலிடம் கொடுக்க வேண்டும். எழுதிய கணக்கைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், மக்கள் படித்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இதில் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு மழைமானி வைக்கப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒன்று இருக்கலாம். கொல்லையில் உள்ள மாமரம் எந்தத் தேதியில் பூத்தது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம். தாத்தா தொடங்கிய நோட்டைப் பேத்தி தொடரலாம். ஓர் ஆண்டில் அது சாதாரண நோட்டு. முப்பது ஆண்டில் அது விலை மதிக்க முடியாத சொத்து.

ஹப்பர்ட் புரூக்கில் முதல் சீசாவில் மழைநீர் பிடித்தவர்களுக்கு, அது ஒரு சட்டத்துக்கு வழி செய்யும் என்று தெரியாது. அவர்கள் அளந்தார்கள், எழுதினார்கள், அடுத்த வாரமும் போனார்கள். மலைக்காடுகளைக் காக்க விரும்பும் அரசாங்கம், முதலில் அந்த அடுத்த வாரத்துக்குப் பணம் ஒதுக்கட்டும்.